மலாவி கிராமத்தில் ஓர் அடிபம்பும் 25 சென்ட் தோட்டமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஊரும் பின்னணியும்

மலாவியின் தலைநகர் லிலோங்வேயைச் சுற்றிக் கிடக்கும் சமவெளி கடல்மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடியும் ஒரே ஒரு மழைக்காலம்தான் அங்கே. சோற்றுக்கு மக்காச்சோளம், கூடவே நிலக்கடலை, கைக்காசுக்குப் புகையிலை எல்லாம் அந்த ஒரு மழையில் விளைந்தாக வேண்டும். மற்ற மாதங்களில் மேட்டு நிலம் காய்ந்து கிடக்கும். மேடுகளுக்கு நடுவே உள்ள புல் பள்ளங்களில் மட்டும் அப்போதும் ஒன்றிரண்டு மீட்டர் தோண்டினால் தண்ணீர் ஊறும். இந்தப் பள்ளங்களை டாம்போ என்கிறார்கள். அவற்றின் ஓரத்தில் குடும்பங்கள் போடும் காய்கறித் தோட்டம் டிம்பா.

இங்கே எழுதுவது அந்தச் சமவெளியில் செவா இன மக்கள் வாழும் ஒரு கிராமத்தில் 2023 தொடக்கத்திலிருந்து 2024 நடுப்பகுதி வரை நடந்தது. ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்த ஒரு சிறு குழுவில் நானும் இருந்தேன். ஊரின் குடிநீருக்கும் விவசாயத்துக்கும் கைகொடுப்பது எங்கள் வேலை. ஆனால் கையில் இருந்த நிதி, அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் காய்கறித் தோட்டம் போடுவதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது.

அந்த ஊரில் ஓர் ஆழ்துளைக் கிணறு, அதன்மேல் ஒரு ஆஃப்ரிடெவ் அடிபம்பு. மலாவியில் பெரும்பாலான கிராமங்களில் நிற்பது இதுதான். நம் ஊர்த் தெருக்களில் பழகிய இந்தியா மார்க் 2 பம்பு 1970-களில் கோவைப் பக்கத்து ஆழமான கிணறுகளில் சோதிக்கப்பட்டு, சென்னையில் தயாரானது. அது உறுதியானது. ஆனால் உள்ளே பழுது என்றால் மேலே இழுக்க ஆள் படையும் கருவிகளும் வேண்டும். 1980-களில் மலாவியின் லிவுலேசி பள்ளத்தாக்கிலும் கென்யாவிலும் நடந்த சோதனைகளின் வழியே உருவான ஆஃப்ரிடெவ், ஊர்க்காரர்களே கழற்றி மாட்ட வேண்டும் என்று யோசித்துச் செய்தது. ஒரே ஸ்பேனர் போதும். ராடுகள் கொக்கி மாட்டி இணைபவை. பிவிசி குழாயை வெளியே எடுக்காமலே பிஸ்டனையும் அடி வால்வையும் மேலே கொண்டுவந்துவிடலாம்.

போனபோது கண்டது

நாங்கள் போனபோது மலாவி தன் வரலாற்றிலேயே மிக மோசமான காலராவில் இருந்தது. 2022 மார்ச்சில் தெற்கே தொடங்கிய நோய் அந்த ஆண்டு முடிவதற்குள் நாடு முழுக்கப் பரவி, கடைசியில் 1,700 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அந்த நேரத்தில் இந்த ஊரின் பம்பு மாதக்கணக்காக நின்று கிடந்தது. பெண்கள் டாம்போவில் தோண்டிய திறந்த குழியிலிருந்து மொண்டு வந்தார்கள். மாடும் அங்கேதான் குடித்தது. அரசின் சுகாதாரப் பணியாளர் சைக்கிளில் வந்து குளோரின் கொடுத்துவிட்டுப் போவார். தீர்ந்துவிட்டால் அவர் அடுத்த முறை வரும்வரை அப்படியே குடிக்க வேண்டியதுதான்.

பம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி இருந்தது. மலாவி முழுக்க இந்த ஏற்பாடு உண்டு. பாதிக்கு மேல் பெண்கள் இருப்பார்கள். இங்கே தலைவரும் ஒரு பெண், ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை அமாயி என்று மரியாதையாக அழைப்பார்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மாதச் சந்தாக் கணக்கு எழுதி வைத்திருந்தார். எங்களுக்கு மிகவும் உதவியது அந்த நோட்டுதான். மே, ஜூன், ஜூலை மாதங்களில் வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே தொகை. ஆகஸ்டிலிருந்து பெயர்கள் குறைகின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை பக்கம் வெறுமை. ஆண்டுக்கு ஆண்டு இதே கதை.

அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இல்லை. புகையிலை ஏலம் ஏப்ரலில் தொடங்கும், மக்காச்சோளம் அதை ஒட்டி அறுவடையாகும். பணம் புழங்குவது அப்போதுதான். ஜனவரி, பிப்ரவரி பசி மாதங்கள். பழைய சோளம் தீர்ந்து புதியது முற்றாத நேரம். பாதி ஊர் ‘கன்யு’ என்னும் அன்றாடக் கூலி வேலைக்கு அடுத்தவர் வயலில் நிற்கும். அந்த மாதத்தில் போய்ப் பம்புக்குச் சந்தா கேட்டால் யார் கொடுப்பார்? மாதாமாதம் வசூலிக்க வேண்டும் என்ற விதி பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனது. மாதச் சம்பளக்காரருக்குச் சரி, மழைக்கு ஒரு முறை அறுப்பவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

பம்பைக் கழற்றியது

தோட்டம் அப்புறம், முதலில் பம்பு என்று குழுவில் எல்லோரும் ஒத்துக்கொண்டோம். காலரா இருக்கும்போது வேறு பேச்சுக்கு இடமில்லை. வெளியிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைக்கலாம் என்றார் குழுவில் ஒருவர். அந்த வட்டாரத்திலேயே பயிற்சி பெற்ற ஒரு மெக்கானிக் இருந்தார். பழுதுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போவது அவர் தொழில். நாங்கள் கிளம்பிய பிறகும் அவர் அங்கேதான் இருப்பார் என்பதால் அவரையே கூப்பிட்டோம். கழற்றுவதையும் மாட்டுவதையும் கமிட்டிப் பெண்கள் செய்ய வேண்டும், அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசி, அதற்குக் கூடுதல் கூலி ஒத்துக்கொண்டோம்.

மேலே வந்ததைப் பார்த்ததும் பழுதின் வரலாறு புரிந்தது. கைப்பிடி அச்சில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. அந்த இடத்தில் செருப்பு ரப்பரை வெட்டி வைத்திருந்தார்கள். அதுவும் தேய்ந்து, இரும்பு இரும்போடு உரசி, கைப்பிடி ஆட்டம் கண்டு, ஒவ்வோர் அடிக்கும் ராடுகள் குலுங்கியிருக்கின்றன. கடைசியில் ஒரு ராடின் கொக்கி அறுந்து, பிஸ்டன் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பிஸ்டனின் யு-சீலும் கிழிந்திருந்தது. ஆரம்பத்தில் அந்தப் புஷ்ஷை ஒரு கோழி விற்ற காசில் மாற்றியிருக்கலாம். அதை விட்டதால் ராடும் சேர்ந்து போனது. காலரா நேரத்தில் ஊர் முழுக்கக் குழித் தண்ணீர் குடித்தது இதனால்தான்.

மெக்கானிக் கொக்கிக் கருவியை விட்டு அறுந்த ராடைத் தேடி எடுத்தார். சீல், ஓ-ரிங், புஷ், ஒரு ராடு மாற்றி, கிணற்றுக்குள் குளோரின் ஊற்றி, அது தெளியும்வரை அடித்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகே குடிக்க விட்டார்கள். இரண்டு இளம் பெண்கள் ஸ்பேனரைக் கையிலெடுத்தவர்கள் கடைசிவரை கீழே வைக்கவில்லை. அவர்களில் ஒருவர் முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தார்.

தோட்டத் திட்டமும் தண்ணீர்க் கணக்கும்

பம்பு ஓடத் தொடங்கியதும் தோட்டப் பேச்சு மறுபடியும் வந்தது. ஊர்த்தலைவருக்குப் பம்படித் தோட்டம் மிகவும் பிடித்திருந்தது. அவர் சொன்ன காரணங்களும் நியாயமானவை. வீட்டுக்குப் பக்கம், ஆடு வந்தால் விரட்டலாம், வயதானவர்களும் வேலை செய்யலாம், வருகிறவர்கள் கண்ணிலும் படும். 25 சென்ட் நிலம், அதாவது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அவர் காட்டியும் விட்டார்.

நாங்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கிணற்றில் நீர்மட்டம் ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் இருந்தது. அந்த ஆழத்தில் ஆஃப்ரிடெவ் பம்பை ஒருவர் விடாமல் அடித்தால் மணிக்கு 900 லிட்டர் வரும். மலாவி அரசின் கணக்கில் ஒரு பம்புக்கு 250 பேர். ஆளுக்கு 20 லிட்டர் என்றாலே நாளுக்கு 5,000 லிட்டர், ஐந்தரை மணி நேரம் விடாமல் அடிக்க வேண்டும். தோட்டம் எவ்வளவு குடிக்கும்? செப்டம்பர், அக்டோபர் வெயிலில் காய்கறிக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும், சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 1,000 சதுர மீட்டருக்கு அதே 5,000 லிட்டர்.

ஒரு 25 சென்ட் தோட்டம் 250 பேர் கொண்ட ஓர் ஊர் குடிக்கும் அளவு தண்ணீரைக் குடித்துவிடும். அந்தச் சமவெளியில் தண்ணீர் இருப்பது சிதைந்த பாறை அடுக்கில். ஊற்று மெதுவாகத்தான் சுரக்கும். பம்பில் தேய்மானமும் இரட்டிப்பாகும். அப்போதே விடியற்காலை நான்கு மணிக்கு வாளி வரிசை தொடங்கிவிடும், ஏனென்றால் பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டும் இதே பம்பைத்தான் நம்பியிருந்தன. அந்த வரிசையில் தக்காளிச் செடியையும் நிறுத்தினால் பிந்தி வருகிற பெண் மறுபடியும் குழிக்குத்தான் போவாள்.

கணக்கைக் கூட்டத்தில் வாளிகளாகச் சொன்னோம்: 20 லிட்டர் வாளியில் தினமும் 250 வாளி தோட்டத்துக்கு. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. “அந்த 250 வாளியை யார் அடிப்பது?” என்று அமாயி கேட்டார். ஊர்த்தலைவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பம்படியில் எதுவுமே வேண்டாம் என்றா சொல்கிறீர்கள் என்று கேட்டார். வழிந்தோடும் தண்ணீருக்கு வாழையும் பப்பாளியும் வைக்கலாம், தனியாக ஒரு வாளிகூட அடிக்கக் கூடாது என்று முடிவானது. வடிகாலைச் சீராக்கி, அதன் முனையில் குழி எடுத்து வாழை நட்டார்கள். நிதி கொடுத்தவர்களுக்கும் இதே கணக்கை அனுப்பினோம். தோட்டப் பணத்தில் ஒரு பகுதியைப் பம்படித் தளத்துக்கும் உதிரிபாகத்துக்கும் மாற்ற அவர்கள் சம்மதித்தார்கள்.

சந்தாவைச் சோளமாக வாங்கியது

அடுத்தது, சந்தா எப்போது வாங்குவது என்ற கேள்வி. அமாயியின் நோட்டிலேயே பதில் இருந்தது. அறுவடை முடிந்ததும் வீட்டுக்கு அரை வாளி மக்காச்சோளம், ஆண்டுக்கு ஒரே முறை. அதைச் சேமித்து, பசி மாதங்களுக்குச் சற்று முன் விலை ஏறியதும் விற்பது. அறுவடை நேரத்து விலைக்கும் ஜனவரி விலைக்கும் பல ஆண்டுகளில் பெரிய இடைவெளி இருக்கும். இந்த யோசனை கமிட்டிப் பெண்களுடையது. எங்கள் குழுவில் சிலருக்குத் தயக்கம் இருந்தது. வண்டு அரிக்கும், திருட்டுப் போகும், காசுதான் சுத்தம் என்றார்கள். வண்டுக்கு பிக்ஸ் சாக்கு வாங்கினோம். உள்ளே இரண்டு பாலித்தீன் உறை, வெளியே நெய்த சாக்கு. காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் வண்டு மூச்சு முட்டிச் சாகும், மருந்து வேண்டாம். நன்றாகக் காய்ந்த சோளம் என்பது மட்டும் கட்டாயம். திருட்டுக்கு ஊரே வழி சொன்னது: மூன்று வீடுகளில் பிரித்து வைப்பது.

கொடுக்க முடியாதவர்களை என்ன செய்வது என்று கமிட்டி நீண்ட நேரம் பேசியது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள், தனியாக இருக்கும் முதியவர்கள் கொடுக்க வேண்டாம் என்றார்கள். பட்டியலைக் கூட்டத்தில் படித்தால் அவமானம் என்பதால் படிக்கவில்லை. கமிட்டியில் ஆளுக்கு இத்தனை வீடு என்று பிரித்துக்கொண்டு, நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். நான் அங்கே பார்த்தவற்றில் மிகவும் மதிப்பது இதைத்தான்.

2023 மே, ஜூனில் சோளம் நன்றாகவே வந்தது. பிறகு ஆகஸ்டில் ஒரு சாவு. செவா ஊர்களில் சாவு வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். பம்புச் சோளத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள் என்று ஊர்த்தலைவர் கேட்டார். முடியாது என்று எந்தக் கமிட்டி சொல்லும்? ஒரு வாளி கொடுத்தார்கள், நோட்டில் கடன் என்று எழுதினார்கள், அடுத்த வாரமே வீட்டுக்கு ஒரு கைப்பிடி வசூலித்துத் திருப்பி நிரப்பினார்கள். அதற்குப் பிறகு சாவுச் சோளம் தனி, பம்புச் சோளம் தனி என்று ஊரே சொல்ல ஆரம்பித்தது. வெளியாள் எழுதிக் கொடுத்த எந்த விதிமுறையும் இவ்வளவு சீக்கிரம் ஒட்டியிருக்காது.

டிம்பாத் தோட்டங்கள்

காய்கறி டாம்போவுக்குப் போனது. அங்கே பொது நிலம் என்று எதுவும் இல்லை. செவா வழக்கத்தில் நிலம் தாய்வழியில் வருவது; பெரும்பாலும் கணவன்தான் மனைவி ஊருக்கு வருவான். ஒவ்வொரு டிம்பாத் துண்டுக்கும் ஒரு குடும்பம் உண்டு. கூட்டுத் தோட்டம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்திருந்தால் சண்டைதான் மிஞ்சும். ஏற்கெனவே டிம்பா வைத்திருந்த குடும்பங்களோடு அவரவர் துண்டிலேயே வேலை செய்தோம். தக்காளி, கடுகுக்கீரை, வெங்காயம். கரையிலிருந்து தள்ளிக் கிணறு, சுற்றிலும் திண்டு. பம்புத் தண்ணீரை மஞ்சள் கேனில் கொண்டுபோய்க் குடிக்க வேண்டும், டிம்பாக் கிணற்றில் வாய் வைக்கக் கூடாது என்பதைச் சுகாதாரப் பணியாளர் ஒவ்வொரு வரவிலும் சொன்னார். பலர் கேட்டார்கள்.

உரத்துக்கு அங்கே ம்பேயா எரு என்று ஒன்று பரவிவருகிறது. மக்காச்சோளத் தவிடு, சாணம், சாம்பல், கொஞ்சம் ரசாயன உரம், தண்ணீர் சேர்த்து மூடி மூன்று வாரம் வைப்பார்கள். உர விலை எகிறிய காலத்தில் நல்ல வழி. ஆனால் பசி மாதத்தில் அந்தத் தவிடும் சாப்பாடு. எனவே அறுவடையை ஒட்டி மட்டுமே எரு போடச் சொன்னோம்.

மிதித்து இறைக்கும் பம்பு இரண்டை டிம்பாக் குடும்பங்கள் பகிர்ந்துகொள்ள வாங்கினோம். காலால் மிதித்தால் ஏழு மீட்டர் ஆழம் வரை உறிஞ்சும். டாம்போவில் தண்ணீர் இரண்டு மீட்டரில் இருந்ததால் வேலை எளிது. பகிர்வதுதான் எளிதாக இல்லை. யார் வீட்டில் இரவு நிற்கிறதோ அவர் தோட்டம் பச்சையாக இருந்தது. அக்டோபரில் ஊற்று குறைந்தபோது, மிதி பம்பு வைத்தவர் கிணறு பக்கத்து வாளிக்காரர் கிணற்றை வற்ற வைக்கிறது என்ற புகாரும் வந்தது. காலையில் மட்டும் மிதிக்கலாம் என்று டிம்பாக்காரர்களே கட்டுப்பாடு போட்டார்கள்.

தக்காளி விற்ற குடும்பங்கள் செப்டம்பரில் பம்புக்குக் காசாக ஒரு தொகை கொடுத்தன. ஊர்ப் பெண்களின் சேமிப்புக் குழுவான பாங்கி ம்கொண்டேயில் போட்டு வட்டிக்கு விடலாம் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். பம்பு நிற்கிற அன்று பணம் கடனில் இருக்கும் என்று அமாயி மறுத்தார். ராடு, சீல், புஷ் என்று ஒரு செட் உதிரிபாகம் உடனே வாங்கி, பூட்டிய பெட்டியில் வைத்தார்கள்.

நவம்பரும் அதற்குப் பிறகும்

2023 நவம்பரில் மலாவி ரிசர்வ் வங்கி நாட்டின் நாணயமான குவாச்சாவின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலர் 1,180 குவாச்சா பக்கத்திலிருந்து ஒரே நாளில் 1,700 ஆனது. இறக்குமதியாகும் எல்லாவற்றின் விலையும் ஏறியது. பம்பு உதிரிபாகமும் அதில் அடக்கம். பெட்டியில் இருந்தவை பழைய விலையில் வாங்கியவை. சாக்கில் இருந்த சோளத்தின் விலையும் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சந்தாவைக் காசாக வைத்திருந்தால் அதற்கு முன்பைவிடக் குறைவான உதிரிபாகமே கிடைத்திருக்கும்.

எல் நினோவால் மழை பிந்தியது, ஜனவரியில் நீண்ட இடைவெளி விட்டது, சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் வாடியது. டாம்போக் குழிகள் சேறாகவே இருந்ததால் பம்பில் கூட்டம் இன்னும் கூடியது. பிப்ரவரியில் கைப்பிடி ஆடத் தொடங்கியது. ஸ்பேனரைக் கீழே வைக்காத அந்த இரண்டு பெண்கள் பெட்டியைத் திறந்து, புஷ்ஷை மாற்றி, காலை வரிசை கலைவதற்குள் முடித்துவிட்டார்கள். எங்களுக்குச் செய்தி சாயங்காலம்தான் தெரிந்தது.

2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதியாக அரசு அறிவித்தது. மே மாதச் சோள வசூல் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போனது. அரை வாளி கொடுக்கக்கூடிய வீடுகளே குறைவு. கமிட்டி யாரையும் வற்புறுத்தவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

விளைச்சல் பொய்த்த ஆண்டுக்கு ஒரு விதி முதலிலேயே வேண்டும். 2024 நடுப்பகுதியில் கமிட்டி யோசித்தது இது: நல்ல ஆண்டில் ஒரு சாக்கைத் தொடாமல் அடுத்த அறுவடை வரை வைப்பது, கெட்ட ஆண்டில் சோளத்துக்குப் பதில் வடிகால் தூர்வாருவது, வேலி கட்டுவது என்று உடலுழைப்பை ஏற்பது. உழைப்பால் ராடு வாங்க முடியாது என்பதால் முதல் பாதிதான் முக்கியம் என்பது என் கருத்து.

மிதி பம்பை மறுபடி வாங்க மாட்டேன். அதே பணத்தில் ஒவ்வொரு டிம்பாக் குடும்பத்துக்கும் பூவாளி ஜோடி கிடைத்திருக்கும், ஊற்றுக்கும் அது தாங்கும்.

தன்னார்வலர்கள் அறுவடை மாதமான மே மாதத்தில் போவது நல்லது. ஊர் கூடிப் பேச நேரம் இருக்கும், தானியம் இருக்கும், வருகிறவர்களுக்குச் சோறு போடுவது பாரமாகாது. ஜனவரியில் போகிறவர்கள் கன்யுவுக்குப் போக வேண்டிய பெண்களைக் கூட்டத்தில் உட்கார வைக்கிறார்கள்.

பக்கத்துச் சிற்றூர்கள் இரண்டும் இதே பம்பில் தண்ணீர் எடுத்தன, ஆனால் கமிட்டியில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை, சோளமும் ஒழுங்காக வரவில்லை. 2024 ஜூனில் அவர்களிலிருந்து தலா ஒரு பெண்ணைச் சேர்த்தார்கள். இரண்டாவது ஆழ்துளைக் கிணறு கேட்டு, 250 பேர் கணக்கைக் காட்டி, கிராம வளர்ச்சிக் கமிட்டி வழியாக மாவட்ட நீர் அலுவலகத்துக்கு மனு போனது. அது கிடைக்கும்வரை விடியற்காலை சிற்றூர்களுக்கு, பொழுது ஏறிய பிறகு இந்த ஊருக்கு என்று நேரம் பிரித்தார்கள்.